ஐப்பசிக்குப் பணம் யார் தருவார்? கூத்து ஜமாவுக்கு இருக்கும் வழிகள்

பங்குனி பிறந்தால் எங்கள் ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, மூச்சுவிட நேரம் இருக்காது. திரௌபதி அம்மன் கோயில்களில் கொடியேறும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசி நாள் படுகளம், தீமிதி. செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பக்கம் ஊர் ஊராக ஆவணி வரைக்கும் போய்க்கொண்டே இருப்பார்கள். புரட்டாசியில் வேகம் குறையும். ஐப்பசி மழை விழுந்ததும் கிரீடமும் புஜக்கட்டையும் பெட்டிக்குள் போய்விடும். மாசி முடியும்வரை அந்தப் பெட்டியை அநேகமாகத் திறக்க மாட்டார்கள். ஆட்டக்காரர்களில் சிலர் கரும்பு வெட்டப் போவார்கள், சிலர் கொத்தனாருக்குக் கையாளாகப் போவார்கள், சிலர் திருப்பூருக்கு பஸ் ஏறுவார்கள்.

பிள்ளைகளுக்குக் கூத்து சொல்லித்தர ஏற்ற காலமும் அந்த ஐந்து மாதம்தான். வாத்தியாருக்கு நேரம் இருக்கும். ராத்திரி முழுக்கப் பாடிய தொண்டையும் ஆறியிருக்கும். பணம்தான் இருக்காது.

என் அப்பா கூத்தில் முகவீணை ஊதுபவர். நான் சென்னையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அறக்கட்டளைகளின் வரவு செலவுக் கோப்புகள் என் மேசை வழியாகப் போகும் என்பதால், ஊரில் பணப் பேச்சு எழுந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். ஆறு வருஷமாகப் பிள்ளைகளின் பயிற்சிக்காகப் பல கதவுகளைத் தட்டிப் பார்த்துவிட்டோம். இதே நிலையில் இருக்கும் வேறு ஜமாக்களுக்கும், கூத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று, பார்த்ததை ஒப்பிட்டு எழுதுகிறேன். அரசு நிதியை இங்கே சேர்க்கவில்லை. தனியார் தரும் பணம் மட்டும்.

முதலில் எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கணக்கு இல்லாமல் கேட்டால் கொடுப்பவருக்கும் கை வராது. பன்னிரண்டு பிள்ளைகள், சனி ஞாயிறும் பள்ளி விடுமுறையும் சேர்த்து 60 நாள். சொல்லித்தரும் மூவருக்கு மாதம் 12,000 வீதம் ஐந்து மாதத்துக்கு 1,80,000 ரூபாய். பதினைந்து பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு, தலைக்கு நாளுக்கு 100 ரூபாய், ஆக 90,000. பஸ் செலவு 15,000. இந்த 2,85,000 வருஷா வருஷம் வந்தாக வேண்டும். இதுபோக, மிருதங்கத்துக்குத் தோல் மாற்றவும் ஆர்மோனியத்தைச் சரிபார்க்கவும் 30,000. பிள்ளைகள் அளவுக்குக் கல்யாண முருங்கை மரத்தில் கிரீடம், புஜக்கட்டை முதலான கட்டைச் சாமான் செய்து கண்ணாடி பதிக்க 60,000. இந்த 90,000 ஒருமுறைச் செலவு, சில வருஷம் தாங்கும். மொத்தம் 3,75,000.

காஞ்சிபுரம் அருகே 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், 2002இல் ஒரு குருகுலமே ஏற்படுத்திப் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. பெண் பிள்ளைகள் கட்டை கட்டி மேடையேறியதை அங்கேதான் நான் முதலில் பார்த்தேன். எங்களுக்கு அந்த அளவுக்கு ஆசை இல்லை. ஐந்து மாதம் அடுப்பு அணையாமல் இருந்தால் போதும்.

ஊர்ப்பணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கூத்தை இத்தனை காலம் காப்பாற்றியது அதுதான். தலைக்கட்டு வரி போட்டுத் திருவிழா எடுப்பார்கள். ஒவ்வொரு ராத்திரிக் கூத்தையும் ஒரு குடும்பமோ ஒரு தெருவோ உபயமாக ஏற்கும். வெற்றிலை பாக்கில் அச்சாரம் வைத்துக் கொடுத்துவிட்டால் அந்தத் தேதி உறுதி. ஒப்பந்தக் காகிதம் எதுவும் தேவையில்லை. இதுபோக அன்பளிப்பு. விடியற்காலை மூன்று மணி, துகில் உரியும் கட்டம். பாஞ்சாலி கண்ணனைக் கூப்பிட்டு அழுகிறாள். கூட்டத்திலிருந்து ஒரு கிழவி எழுந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்காக மடித்த இருபது ரூபாய் நோட்டைக் கொண்டுவந்து கொடுப்பாள். பாட்டு நிற்கும், ஆர்மோனியம் மட்டும் சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். இன்ன தெரு, இன்னார் வீட்டு அம்மா, பாஞ்சாலி வேடத்துக்கு இருபது ரூபாய் அன்பளிப்பு என்று, கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன் சொல்வான். அடுத்த நொடி அழுகை விட்ட இடத்திலிருந்து தொடரும். நகரத்திலிருந்து வருபவர்கள் இதைப் பார்த்து ரசக்குறைவு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அந்தக் கிழவி கொடுப்பது பாஞ்சாலிக்கு.

இந்தப் பணம் கூத்தைக் கூத்தாகவே கேட்கிறது. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை ஆட வேண்டும், குறைத்தால் கோபித்துக்கொள்வார்கள். கலைஞனுக்கு இதைவிட நல்ல புரவலர் யார்? ஆனால் ஆடுகிற கூத்துக்குத்தான் ஊர் கொடுக்கும், படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்து வழக்கமில்லை. அந்தக் காலத்தில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. பத்து வயசில் பையன் ஜமாவோடு கிளம்பிவிடுவான். பெட்டி தூக்கி, பின்பாட்டுப் பாடி, வேடக்காரருக்கு அரிதாரம் குழைத்துக் கொடுத்து, அரைப் பங்கு வாங்கிக்கொண்டே கற்றுக்கொள்வான். என் அப்பா அப்படித்தான் கற்றார், மூன்றாம் வகுப்போடு. இன்றைக்குப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அதனால் கற்றுக்கொள்வதற்கென்று தனியாக நேரமும் தனியாகப் பணமும் வேண்டியிருக்கிறது. ஊர்ப்பணம் பங்குனியில் வந்து ஆவணியில் நின்றுவிடுகிறது.

அடுத்தது ஒற்றைப் புரவலர். தமிழ்நாட்டில் இந்த வழிக்குப் பெரிய மரபு உண்டு. எட்டயபுரம் ஜமீன் இசை அறிஞர் சுப்பராம தீட்சிதருக்கு ஆதரவு கொடுத்ததால்தான், அவர் எழுதிய, முத்துசாமி தீட்சிதரின் கிருதிகளைச் சுரக்குறிப்போடு சுமந்து நிற்கும் ‘சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி’ 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சாகி வெளிவந்தது. அவ்வளவு பெரிய வேலையை வசூல் செய்து முடித்திருக்க முடியாது. ஒரே மனிதர் மனசு வைத்தார், நடந்தது. நீண்டகால வேலைக்கு, லாபம் கேட்காத வேலைக்கு, இதற்கு ஈடான வழி இல்லை. ஆனால் தஞ்சாவூர் அரண்மனை 1855இல் ஆங்கிலேயர் கைக்குப் போனபோது அதை நம்பியிருந்த வித்வான்கள் என்ன ஆனார்கள்? பலர் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோதும் அதே கதை. உழவர்களுக்கு அந்தச் சட்டம் நியாயமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஜமீனை மட்டும் நம்பியிருந்த கலைக்குத்தான் அடுத்த வேளை தெரியாமல் போயிற்று.

எங்களுக்கும் ஒரு புரவலர் இருந்தார். அரிசி ஆலை வைத்திருந்தவர். சின்ன வயசில் கர்ண மோட்சம் பார்த்து அழுதவர். இரண்டு வருஷம் பயிற்சிச் செலவு முழுவதையும் அவரே ஏற்றார். கணக்குக்கூடக் கேட்கவில்லை. ஒரே ஒருமுறை, வீட்டுக் கல்யாணத்தில் பிள்ளைகள் ஆட வேண்டும் என்றார். அந்தத் தேதியில் வேறு ஊருக்கு அச்சாரம் வாங்கியிருந்தோம். வாத்தியார் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. கடைசியில் ஜமாவை இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்திலும் அரைகுறையாக ஆடினோம். மூன்றாம் வருஷம் கார்த்திகையில் அவரே நேரில் வந்து, வாசலில் நின்று, தொழில் நொடித்துவிட்டது என்று கைகூப்பினார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை, இன்றைக்கும் அவர் பேரைச் சொல்லித்தான் பூஜை ஆரம்பிக்கிறோம். ஆனால் அந்த வாரமே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினோம். பதினோரு வயசுப் பெண் ஒருத்தி பாஞ்சாலி பிரவேசப் பாட்டில் பாதிவரை வந்திருந்தாள். மீதியை எப்போது சொல்லித்தருவீர்கள் என்று வாத்தியாரிடம் கேட்டாள். அடுத்த வருஷம் அவள் வரவில்லை.

ஆகவே புரவலரிடம் கேட்கலாம், ஒருமுறைச் செலவுக்குக் கேட்கலாம். ஒரு கிரீடம், ஒரு மிருதங்கம், ஒரு கூரை. அவர் நாளைக்கு முடியாது என்றாலும் வாங்கிய கிரீடம் இருக்கும். மாதா மாதம் எரிய வேண்டிய அடுப்பை ஒருவர் தலையில் மட்டும் வைப்பது அவருக்கும் பாரம், நமக்கும் ஆபத்து.

மூன்றாவது, சிஎஸ்ஆர் என்று எல்லோரும் சொல்லும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. இதைப் பற்றித்தான் அதிக ஆசையும் அதிகக் குழப்பமும். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு சொல்வது இது: நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணி என்று சொல்லும் ஏழாம் அட்டவணையில் மரபுக் கலைகளும் கைவினைகளும் இருக்கின்றன. எனவே கூத்துக்குத் தகுதி உண்டு. ஆனால் பணம் வாங்கும் அறக்கட்டளைக்கு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும், 2021 ஏப்ரல் முதல் இந்தப் பணம் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவெண் வேண்டும், அதே துறையில் மூன்று ஆண்டு வேலை செய்த சான்று வேண்டும். நேற்றுப் பதிவு செய்த அறக்கட்டளையோடு போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. நிறுவனத்தின் பொருளுக்கு விளம்பரமாகத் தரும் ஸ்பான்சர் பணத்தைச் சட்டம் இந்தக் கணக்கில் ஏற்காது. ஒரு நாள் விழாவுக்குத் தரும் பணமும் இதில் சேராது. விழாவுக்குப் பணம் வேண்டுமென்றால் விளம்பரப் பிரிவிடம் கேளுங்கள். தொடர்ந்து நடக்கும் பயிற்சிக்கு சிஎஸ்ஆர் பிரிவிடம் கேளுங்கள். ஒரே கடிதத்தை இருவருக்கும் அனுப்பினால் இருவருமே தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

நாங்கள் ஒரு நிறுவனத்தோடு கிட்டத்தட்டக் கையெழுத்துவரைக்கும் போனோம். பிள்ளைகளுக்கு நிறுவனச் சின்னம் போட்ட சட்டை தருவோம் என்றார்கள், சரி என்றோம். கூத்துக்கு நடுவே கழிப்பறைச் சுகாதாரம் பற்றி இருபது நிமிஷம் வர வேண்டும் என்றார்கள். வாத்தியார் அதற்கும் முகம் சுளிக்கவில்லை, கட்டியக்காரன் வாயில் எதையும் சொல்லலாம் என்றார். பிறகு பார்வையிட எப்போது வருவார்கள் என்று கேட்டார்.

“மார்ச் கடைசி வாரம் வாத்தியாரே. அதுக்குள்ள நிகழ்ச்சி காட்டணுமாம்.”

“அப்பப் பங்குனி பொறந்துடுமே தம்பி. நான் களத்துல இல்ல நிப்பேன்?”

பிரச்சினை முழுவதும் அந்த இரண்டு வரியில் இருக்கிறது. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. தொடர் திட்டமாகக் காட்டாத பணத்தை அதற்குள் செலவழிக்காவிட்டால், அரசு குறித்த நிதி ஒன்றில் கட்டிவிட வேண்டும். அதனால் மாசியிலும் பங்குனியிலும் அவசர அவசரமாகப் பணம் வரும். எங்களுக்கு அப்போது பயிற்சி முடிந்து, ஊர்க் கூத்து தொடங்கியிருக்கும். ஐப்பசியில் கேட்டால், நிறுவனத்தின் இயக்குநர் வாரியம் இன்னும் கூடவில்லை என்பார்கள். மூன்று ஆண்டுவரை நீளக்கூடிய தொடர் திட்டமாக எழுதி, சித்திரை வைகாசியிலேயே கொடுத்துவைத்தால் இந்தச் சிக்கல் ஓரளவு தீரும். அந்த அளவுக்குக் கோப்பு எழுதக்கூடிய ஆள் ஜமாவில் இருக்க வேண்டும். கூத்துக்கொட்டகை கட்டுவது போன்ற பெரிய, கண்ணுக்குத் தெரியும் வேலைக்கு சிஎஸ்ஆர் நல்ல வழி. ஒரு பிள்ளையின் கால் கிறிக்கிக்கு, அதாவது சுழன்றாடும் ஆட்டத்துக்கு, பழகுவதை எந்த அறிக்கையின் கட்டத்தில் நிரப்புவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கலைக்கென்றே இருக்கும் அறக்கட்டளைகள் தரும் நல்கை, ஆங்கிலத்தில் கிராண்ட், நான்காவது வழி. பெங்களூரில் இருக்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1995 முதல் கலை ஆராய்ச்சிக்கும் புதிய படைப்புகளுக்கும் நல்கை தருகிறது. இவர்களுக்குக் கலை தெரியும், சட்டையில் சின்னம் போடச் சொல்வதில்லை. தோற்றுப்போன முயற்சியையும் மதிப்பார்கள். ஆனால் நல்கை என்பது ஒரு திட்டத்துக்கு. திட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. எங்கள் வாத்தியார் பெட்டியில் மூன்று தலைமுறைக் கூத்து நோட்டுகள் இருக்கின்றன. ஓரம் கரையான் அரித்து, எழுத்து மங்கி, பல பாட்டுகளுக்கு ராகம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவற்றைப் படியெடுத்து, அவர் பாடப் பாட ஒலிப்பதிவு செய்வதற்கு நல்கையைப்போல் பொருந்தும் பணம் வேறில்லை. அடுத்த வருஷம் அதற்கு விண்ணப்பிக்கப்போகிறோம்.

அன்றாடப் பயிற்சியை நல்கையில் நடத்துவது வேறு விஷயம். 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய நாடகக் குழுவான கூத்துப்பட்டறை, ஃபோர்டு ஃபவுண்டேஷன் நிதி கிடைத்த காலத்தில் நடிகர்களை முழுநேரமாக வைத்துப் பயிற்சி கொடுத்தது. பசுபதி, கலைராணி என்று அங்கிருந்து வந்தவர்களைத் தமிழ் சினிமா பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். நிம்மதியாகக் கற்றுக்கொள்ள நாலு வருஷம் கிடைத்தால் ஒரு நடிகன் எங்கே போய் நிற்பான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் வெளிநாட்டு நிதி எப்போதும் ஓரிடத்தில் நிற்பதில்லை. கொடுப்பவர்களின் அக்கறை வேறு பக்கம் திரும்பும், நம் நாட்டுச் சட்டமும் இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. இன்றைக்கு ஒரு அறக்கட்டளை வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும். அதற்கு மூன்று ஆண்டு வயசும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் செலவு செய்த கணக்கும் காட்ட வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரம். இதில் சொந்தக்காரர்களிடமும் கவனமாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணன் மகன் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவன் பணம் வெளிநாட்டுப் பணம் ஆகாது. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தையின் பணம் வெளிநாட்டுப் பணம். அன்போடு அனுப்பிய தொகையைத் திருப்பி அனுப்பும் சங்கடம் எங்களுக்கு நேர்ந்திருக்கிறது. முதலிலேயே கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நகர மேடைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மார்கழியில் சென்னைக்குக் கூப்பிடுவார்கள், ஒன்றரை மணி நேரம் தருவார்கள். சுருங்கிப்போன கூத்துதான். ஆனாலும் பெட்டி மூடிக்கிடக்கும் மாதத்தில் வருகிற வருமானம் என்பதால் நான் போகச் சொல்கிறேன். நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரையான கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது; ஏற்பாட்டாளர் பிடித்தம் செய்யப் பார்த்தால் எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசி வழிக்கு ஆங்கிலத்தில் கிரவுட்ஃபண்டிங் என்று புதுப் பேர் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் பழைய பேர் இருக்கிறது: கையொப்பம். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சுக்குக் கொண்டுவரும் முன் பலரிடம் கையொப்பம் வாங்கினார். புத்தகம் வருமுன்பே வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டு பேர் எழுதிக் கொடுப்பார்கள். அந்தப் பேர்களை நம்பித் தாள் வாங்கலாம், அச்சுக்கூலி கொடுக்கலாம். மிலாப், கெட்டோ போன்ற, இணையத்தில் பணம் திரட்டும் தளங்கள் இன்று செய்வதும் இதன் தூரத்துச் சொந்தம்தான். நாங்கள் அங்கே போகவில்லை. மருத்துவமனையில் கிடக்கும் குழந்தையின் படத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிரீடத்தின் படத்தை வைத்துப் பணம் கேட்க வாத்தியாருக்கு மனசு வரவில்லை, எனக்கும் வரவில்லை. அதோடு அவை பெரும்பாலும் ஒருமுறை வசூலுக்கு ஏற்றவை. எங்களுக்கு வேண்டியது மாதம் தவறாத சின்னத் தொகை.

மாதம் 500 ரூபாய், 48 பேர் கொடுத்தால் வருஷத்துக்கு 2,88,000. அந்த 2,85,000 தேறிவிடும். நடுவில் சிலர் நின்றுபோவார்கள் என்று வைத்து 60 பேரைத் தேடுவது நல்லது. ஒருவர் நிறுத்தினால் ஒரு நாள் குழம்பில் காய் குறையும்; பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வராது. பங்குனியிலிருந்து புரட்டாசி வரை பணம் சேர்ந்துகொண்டே வரும். ஐப்பசியில் கையில் இருக்கும். நான் பார்த்த எல்லா வழிகளிலும் எங்கள் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போவது இது ஒன்றுதான்.

இதற்கு உழைப்பு அதிகம். பணம் அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும், தனி ஆளின் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. மாதா மாதம் பணம் தானாகப் போகும் யுபிஐ ஆட்டோபே போட்டுக்கொள்ளக் கற்றுத்தர வேண்டும். கொடுப்பவருக்குக் கிடைக்கும் 80ஜி வரிச் சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான், புதிய முறையில் இருப்பவர்களுக்கு இல்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகையும் போய்விடும். அறுபது ரசீது, அறுபது நன்றி. கொடுப்பவர்கள் திருப்பிக் கேட்பது சேதி மட்டும். மாதம் ஒருமுறை, பிள்ளைகள் பாடுவதை இரண்டு நிமிஷம் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். சுருதி விலகியிருந்தாலும் அப்படியே அனுப்பச் சொல்லிவிட்டார் வாத்தியார். கார்த்திகையில் விலகிய சுருதி தையில் சேர்வதைக் கேட்கத்தானே அவர்கள் கொடுக்கிறார்கள் என்பார்.

இந்த வருஷம் நாங்கள் எடுத்த முடிவு இதுதான். சாப்பாடு, ஆசான்கள், பஸ் எல்லாம் கையொப்பப் பணத்தில். கட்டைச் சாமானும் மிருதங்கமும் ஒரு புரவலர் பொறுப்பில். துணிக்கடைக்காரர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், ஒருமுறைதான் என்று நாங்களே முதலில் சொல்லிவிட்டோம். நோட்டுகளுக்கு நல்கை. சிஎஸ்ஆருக்கு, அறக்கட்டளைக்கு மூன்று வயசு ஆனதும், கொட்டகைக்காகப் போவோம். ஊர்ப்பணத்தில் கை வைக்கவில்லை. அது ஆட்டக்காரர்களின் பங்கு.

கையொப்ப நோட்டில் இன்றுவரை 41 பேர். வருஷத்துக்கு 2,46,000 ஆகிறது, 39,000 குறைகிறது. மார்கழியில் இரண்டு சென்னை மேடைகள் வந்தால் சரிக்கட்டலாம். வராவிட்டால் பத்துப் பிள்ளைகளோடு நடத்துவோம். ஐப்பசி முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பூஜை. அடுப்புக்கு விறகு இறக்கியாகிவிட்டது.